ஒட்டுமுள் மனிதர் பேசிய நாள்

பச்சையாகப் பறித்த ஒட்டுமுள் காய்களுக்கு ஒரு கசந்த மணம் உண்டு. நனைந்த வைக்கோலையும் நசுக்கிய வேப்பங்கொட்டையையும் ஒன்றாக முகர்ந்தது போலிருக்கும். பழைய செய்தித்தாள்களின் மேல் அவற்றைப் பரப்பிக் காயவிட்டால் அந்த மணம் திரைச்சீலை, துவாய், காலைச் சாப்பாட்டுப் பாண் என்று வீட்டிலுள்ள எல்லாவற்றிலும் ஏறிவிடும். கையில் எடுத்தால் ஒவ்வொரு காயும் நூறு சின்னக் கொக்கிகளால் தோலைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து வீட்டுக் 'குசினி', அதாவது சமையலறை, முழுவதும் அப்படிக் காய்கள் பரப்பப்பட்டிருந்த ஓர் ஆகஸ்ட் மாதத்தில் எனக்கு ஒன்பது வயது. நாங்கள் அப்போது ஸ்கொட்லாந்தில், கடல் ஓர் அகன்ற ஆற்றைப் போல நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் இடத்தில் இருந்த ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். அந்த ஒரு மாதத்தைப் பற்றி முப்பது வருடத்துக்கு மேலாக நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மருத்துவர். அந்த ஊரின் வைத்திய நிலையத்தில் பெரிய டொக்டருக்கு உதவியாக மூன்று வருட ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். ஊரில் எங்களைத் தவிர வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. அப்பாவுக்கு நோயாளிகள் இருந்தார்கள், எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் இருக்கவில்லை. காலை பத்து மணிக்கே சோறும் கறியும் ஆக்கி முடித்துவிட்டு, மிச்சப் பகல் முழுவதும் யன்னலோரக் கதிரையில் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலிரண்டு குளிர்காலங்களும் அப்படியே போயின. நான் பள்ளியால் வந்து கதவைத் திறக்கும்போது அவருடைய குரல் சில வேளை கரகரத்திருக்கும். காலையில் என்னை வழியனுப்பிய பிறகு அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சொல்லும் வெளியே வந்திருக்காது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

பக்கத்து வீட்டில் இசபெல்லும் அவருடைய கணவர் அலெக்கும் இருந்தார்கள். எங்கள் வழக்கப்படி நான் அவர்களை இசபெல் அன்ரி, அலெக் அங்கிள் என்று கூப்பிட, அவர்களுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்து பிறகு பிடித்துப் போய்விட்டது. அலெக் அங்கிள் கூரை வேய்பவர். தோள் அகன்ற, அதிகம் கதைக்காத மனிதர். இசபெல் அன்ரி ஊரின் விஸ்கி போத்தலடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அந்த ஊரின் பாதிப் பெண்கள் அங்கேதான் வேலை செய்தார்கள். என்னை மட்டுமல்ல, எல்லாப் பெண் பிள்ளைகளையும் அவர் 'ஹென்' என்றுதான் அழைப்பார். "பிள்ளையை ஏன் கோழி எண்டு கூப்பிடுறா?" என்று அம்மா அப்பாவிடம் முகம் வாடிக் கேட்டதும், அது அங்கத்தைய செல்லச்சொல் என்று தெரிந்த பிறகு அவரும் என்னை "கோழிக்குஞ்சு" என்று அழைக்கத் தொடங்கியதும் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஊரில் வருடத்துக்கு ஒருமுறை, கோடை முடியும் தறுவாயில் ஒரு வெள்ளிக்கிழமை, ஓர் ஆண் உச்சி முதல் பாதம் வரை ஒட்டுமுள் காய்களால் மூடப்பட்டு வீதி வீதியாக நடப்பார். முகமும் காய்களால் மூடியிருக்கும். கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் சின்ன இடைவெளி. தலையில் பூத்தொப்பி, இரு பக்கமும் விரித்த கைகளில் பூச்சுற்றிய இரண்டு தடிகள், அந்தக் கைகளைத் தாங்கிப்பிடிக்க இரண்டு துணையாட்கள். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் மாலை ஆறு மணி வரை நடக்க வேண்டும். குந்தி இருக்கக்கூடாது, உண்ணக்கூடாது, ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவர் நிற்கும் வாசல்களில் உள்ளவர்கள் உறிஞ்சு குழாய் வைத்து ஒரு வாய் விஸ்கி கொடுப்பார்கள். அவர் சுற்றி முடித்தால் ஊருக்கு அந்த வருடம் நல்லது. நடை குலைந்தால் கெட்டது. இது தேவாலயத்துக்கும் முந்தியது என்று சொன்னார்கள். பாதிரியார் அன்றைக்கு மட்டும் தன் தோட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வார்.

இது எந்தக் கடவுளுக்கு என்று அம்மா தன் உடைந்த ஆங்கிலத்தில் இசபெல் அன்ரியிடம் கேட்டார். எந்தக் கடவுளுக்கும் இல்லை, செய்கிறோம், அவ்வளவுதான் என்று அவர் தோளைக் குலுக்கினார். வீட்டுக்கு வந்து அம்மா எங்களிடம் சொன்னார்: "இது நேத்திக்கடனப்பா. ஆருக்கு வைச்ச நேத்தி எண்டதை மறந்துபோச்சினம், நேத்தியை மறக்கேல்லை." அம்மாவுக்கு அந்த ஊர் முதன்முதலாக விளங்கியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஏழு வருடமாக அலெக் அங்கிள்தான் ஒட்டுமுள் மனிதர். அந்த ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான காய்களைப் பறித்து, இலையும் காம்பும் நீக்கி, ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை பலகையாகச் செய்யும் வேலைக்கு இசபெல் அன்ரி அம்மாவையும் கூப்பிட்டார். அம்மா முதல் நாள் தயங்கித்தான் போனார். இரண்டாம் நாள் ஒரு தட்டில் வடை சுட்டுக்கொண்டு போனார். மூன்றாம் நாள் நான் அந்தக் குசினி வாசலில் நின்றபோது, அம்மா ஐந்தாறு ஸ்கொட்லாந்துப் பெண்களின் நடுவே இருந்து, தலைமயிரில் காய் ஒட்டிக்கொண்ட ஒருத்தியைக் காட்டி, வாயைப் பொத்தாமல், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "எங்கட நாயுருவியின்ர பெரியண்ணன் இது" என்று காயைத் தூக்கிக் காட்டித் தமிழிலேயே அவர்களுக்கு விளக்கமும் சொன்னார்.

ஆனால் அந்த வருடம் எல்லாருடைய பேச்சிலும் ஒரு பயம் இருந்தது. தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்ற கதை வசந்த காலத்திலிருந்தே உலாவியது. அலெக் அங்கிள் களைத்துப் போயிருந்தார். படியேறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இம்முறை வேறு யாரும் நடக்கட்டுமே என்று ஒரு பெண் சொன்னபோது, இந்த வருடமா, வேறு எந்த வருடமும் விட்டாலும் இந்த வருடம் விடமாட்டேன் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

நான் கேள்வி மேல் கேள்வி கேட்கும் பிள்ளை. அவருக்கு மூக்கில் அரிப்பெடுத்தால் என்ன செய்வார், அவசரமாகச் சலம் வந்தால் என்ன செய்வார், தவறிப்போய்ப் பேசிவிட்டால் என்ன ஆகும் என்று காய் பொறுக்கிக்கொண்டே இசபெல் அன்ரியை அரித்தெடுத்தேன். கடைசிக் கேள்விக்கு அவர் விரலை உதட்டில் வைத்து, "வீஷ்ட்!" என்றார். சத்தம் போடாதே என்பதற்கு அங்கே அதுதான் சொல். பிறகு குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பெரிதாக்கிச் சொன்னார்: "அவர் பேசினால், கேட்டவர் அதை விழுங்கிவிட வேண்டும், ஹென். வெளியே சொன்னால் ஊரின் அதிர்ஷ்டம் போய்விடும். தொழிற்சாலையும் போய்விடும், நானும் போய்விடுவேன்." பெண்கள் சிரித்தார்கள். என்னை வாய்மூட வைக்க அந்தக் கணத்தில் அவர் கட்டிய கதை அது என்று இன்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை வழமைக்கு மாறாக நல்ல வெயில். பிள்ளைகள் நாங்கள் முன்னால் கத்திக்கொண்டு ஓட, அலெக் அங்கிள் பின்னால் கால்களை அகட்டி அகட்டி வந்தார். எனக்கு நன்றாகப் பழக்கமான மனிதர் அதற்குள் இருக்கிறார் என்று நம்ப முடியவில்லை. ஒரு பற்றைச்செடி எழுந்து நடந்து வருவது போலிருந்தது. எங்கள் வாசலுக்கு வந்தபோது பதினொரு மணி இருக்கும். எங்கள் வீட்டில் விஸ்கி இல்லை. அம்மாவும் வாங்கச் சம்மதிக்கவில்லை. "வெயிலுக்க நடக்கிற மனுசனுக்குச் சாராயமோ குடுக்கிறது?" என்று சொல்லி, தயிரைக் கடைந்து, உப்பும் இஞ்சியும் போட்டு, ஒரு நீளக் கிளாசில் மோர் வைத்திருந்தார். துணையாட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மா குழாயை அந்தக் காய்களின் இடைவெளிக்குள் வைத்தார். மோர் மெல்ல மெல்ல இறங்கி, அடியில் நுரை மட்டும் மிஞ்சி, குழாய் கர்ரென்று சத்தம் போடும் வரை அலெக் அங்கிள் குடித்தார். கூட்டம் கைதட்டி ஆரவாரித்தது. அம்மா வெறுங்கிளாசை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற அந்த நிற்பைப் போல ஒரு நிற்பை அதற்குப் பிறகு நான் அவரிடம் காணவில்லை.

பின்னேரம் நாலரை மணியளவில், தேவாலயத்தின் பின்மதில் ஓரம், அவர்கள் அவரை ஓய்வெடுக்க நிறுத்தினார்கள். குந்தி இருக்க முடியாததால், இரு தடிகளையும் நிலத்தில் ஊன்றி, முதுகை மதிலில் சாய்த்துவிட்டார்கள். பிள்ளைகள் ஐஸ்கிறீம் வான் நின்ற தெருமுனைக்கு ஓடிவிட்டார்கள். துணையாட்களில் ஒருவர் சிகரெட் வாங்கப் போனார். மற்றவர் சலம் கழிக்க வேண்டும் என்று, "நீ அவரைப் பார்த்துக்கொள், ஹென்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மதிலைச் சுற்றிப் போனார். நானும் அவரும் தனியே நின்றோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது அந்தக் காய்களுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வாணி" என்று என் பெயரைச் சொன்னது. முதலில் மதிலுக்கு அப்பாலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பினேன். பிறகு மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது: "உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, ஹென்."

அப்பா வேலையிலிருந்த வைத்திய நிலையம் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் ஓடியிருந்தால் ஐந்து நிமிடம். நான் ஓடவில்லை. என் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன். அப்பாவைக் கூட்டிவந்தால், யார் சொன்னது என்று கேட்பார்கள். சொன்னால் தொழிற்சாலை போய்விடும், இசபெல் அன்ரி போய்விடுவார், குசினியில் அம்மாவின் சிரிப்பும் போய்விடும். ஒன்பது வயதுத் தலைக்குள் இதெல்லாம் ஒரே நொடியில் ஓடியது. இடைவெளிக்குள் அவருடைய கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் கோபப்படவில்லை; இரண்டாம் முறை கேட்கவுமில்லை. துணையாள் காற்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு வந்து, "ஒழுங்காக நின்றாரா?" என்று பகிடியாகக் கேட்டார். நான் ஆமென்று தலையாட்டினேன்.

மிச்ச ஒன்றரை மணித்தியாலமும் அவர் நடந்தார். நான் பின்னால் போகவில்லை. வீட்டுக்குப் போய்க் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். ஆறு மணிக்கு ஊர் மண்டபத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தி, முகத்திலிருந்த காய்களைப் பிரித்தபோது உதடு நீலமாக இருந்ததாம். அப்பாவைக் கூப்பிட ஆள் ஓடியது. அப்பா போய்ச் சேர்ந்தபோது இசபெல் அன்ரி நிலத்தில் குந்தியிருந்து, கையெல்லாம் கீறி இரத்தம் வர, அவருடைய நெஞ்சில் ஒட்டியிருந்த காய்களைப் பிய்த்துக்கொண்டிருந்தாராம். அப்பா நெடுநேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

ஊர் அதைத் துக்கத்தோடும் ஒருவகைப் பெருமையோடும் பேசியது. நடையை முடித்துவிட்டுத்தான் செத்தார், வாயைத் திறக்கவே இல்லை என்றார்கள். செத்த வீட்டில் இசபெல் அன்ரி என்னை அணைத்து, "கடைசியில் அவரோடு நீ கொஞ்ச நேரம் நின்றாயாமே, ஹென்" என்றார். நான் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் அவருடைய வார்த்தை என்பதை அவரிடமே எப்படிச் சொல்வது? அன்று முதல் அந்தக் குசினிக்குள் நான் காலடி வைக்கவில்லை. அடுத்த பங்குனியில் தொழிற்சாலையை மூடினார்கள். பெண்கள் தங்கள் வெள்ளை மேலங்கிகளைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலால் வெளியே வந்ததைப் பள்ளிப் பேருந்திலிருந்து பார்த்தேன். நான் ஒருவருக்கும் சொல்லவில்லையே, பிறகேன் போனது என்று நினைத்தேன். ஒரு மனிதரைக் கொடுத்து நான் காப்பாற்றியதாக நம்பிய ஒன்றும் காப்பாற்றப்படவில்லை.

இசபெல் அன்ரி ஏற்கெனவே மணமாகிப் போயிருந்த தன் மகளோடு இருக்க உள்நாட்டுப் பட்டணம் ஒன்றுக்குப் போனார். அப்பாவின் ஒப்பந்தம் முடிந்து நாங்கள் மெல்பேர்னுக்கு வந்தோம். கிளென் வேவர்லியில் வீடு வாங்கி, நல்ல பள்ளிக்கூடம், கோயில், கலைவிழா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு என்று எங்களுக்கு மீண்டும் ஒரு சமூகம் கிடைத்தது. ஆனாலும் அம்மா வீட்டுக்கு வந்தவர்களிடம் அந்த ஆகஸ்டைப் பற்றியே சொல்வார். ஒவ்வொரு டிசம்பரும் நத்தாருக்கு இசபெல் அன்ரிக்கு அட்டை போடத் தவறியதில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் காலமாகும் வரைக்கும் அம்மாவுக்கு அந்த மதிலோரம் நடந்தது எதுவும் தெரியாது.

போன ஆனி மாதம் என் மகள் தாத்தா வீட்டு மேசையில் இருந்து பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தாள். குடும்பம் வாழ்ந்த இடங்களைப் பற்றி எழுத வேண்டுமாம். கைபேசியில் அந்த ஊரைத் தேடி, ஒரு காட்சியை எங்கள் முன் நீட்டினாள். யாரோ ஓர் இளைஞர் காய்களுக்குள் நடந்து வருகிறார். சுற்றிவரத் தூக்கிப்பிடித்த கைபேசிகள். தொழிற்சாலை இருந்த இடத்தில் கடலைப் பார்த்தபடி அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. மதிலோரத் தெருவில் கோப்பிக் கடைகள் வந்திருக்கின்றன. "வாவ், அம்மா, டிட் யூ ஸீ திஸ்?" என்றாள். "ஓம், பார்த்தனான்" என்றேன். அவள் எழுந்து தன் அறைக்குப் போனதும், அப்பா தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்க, நான் சொல்லத் தொடங்கினேன். ஏன் அன்றைக்கு என்று தெரியாது. குரல் வந்ததையும், நான் காதைப் பொத்தியதையும், தலையாட்டியதையும் சொல்லி முடித்தேன்.

அப்பா பழத்தைத் தட்டில் வைத்தார்.

"அதுக்கு முதல் கிழமை அவர் என்னட்ட வந்தவர்" என்றார் பிறகு. "ஏணியில ஏறேக்க நெஞ்சு இறுக்குது எண்டவர். எனக்கு விளங்கினது. பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் குடுத்தனான். ஆனா வெள்ளிக்கிழமை நடக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

"ஏனப்பா?"

"பெரிய டொக்டர் லீவில நிண்டவர். வந்தேறி ஒருத்தன் ஊர்ச் சடங்கை நிப்பாட்டிப் போட்டான் எண்டு பேர் வரும் எண்டு பயந்தனான்." என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பிறகு, உன்ர கொம்மா. ரெண்டு வருசத்துக்குப் பிறகு அந்தக் குசினியிலதான் அவ சிரிச்சவ. அதைக் குழப்ப எனக்கு மனம் வரேல்லை."

நான் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன். "நான் ஓடி வந்து உங்களுக்குச் சொல்லியிருந்தா, அவர் பிழைச்சிருப்பாரோ?"

அப்பா ஐம்பது வருடம் நோயாளிகளுக்கு ஆறுதல் சொன்னவர். எனக்கும் ஏதாவது சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றார். "பிழைச்சிருக்கக்கூடும். உனக்குப் பொய் சொல்ல என்னால ஏலாது, பிள்ளை." எழுந்து போய்க் கையைக் கழுவினார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆளுக்காள் பாரத்தைச் சொன்னால் பாதியாகும் என்பார்கள். எங்களுக்கு அது இரண்டு மடங்காகியது. இப்போது நான் போனால் அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.

அம்மாவின் விலாசப் புத்தகத்தைத் தேடியெடுத்து இசபெல் அன்ரிக்கு ஒரு கடிதம் போட்டேன். எல்லாவற்றையும் எழுதத் துணிவில்லை. சுகமா, உங்களோடு ஒரு விஷயம் பேச வேண்டும் என்று மட்டும் எழுதினேன். ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. எழுதியிருந்தவர் இசபெல் அன்ரியின் மகள். அம்மா இந்த வசந்தத்தில் காலமாகிவிட்டார், உங்கள் தாயாரைப் பற்றி அடிக்கடி சொல்வார், எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் எங்களோடு தங்குங்கள் என்று அன்பாக எழுதியிருந்தார். கடைசிப் பந்தி இப்படி இருந்தது: "முடிவு நெருங்கிய நாட்களில் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான். அன்றைக்கு அப்பா வலிக்கிறது என்று யாரிடமாவது சொன்னாரா, உதவி கேட்டாரா என்று. இல்லை அம்மா, அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று சொல்லி நாங்கள் அவரைத் தேற்றினோம். அதில் அவர் ஓரளவு அமைதியடைந்தார் என்றே நினைக்கிறோம்."

அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.